ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: சோலை ஓடையை அளக்கப் போகிறோம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சனிக்கிழமை காலைகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை லாங்வுட் சோலைக்கு அழைத்துப் போகிறோம். வனத்துறை அனுமதி வாங்கியாகிவிட்டது. இரண்டு ஆசிரியர்களும் ஒரு வனக்காவலரும் கூடவே இருப்பார்கள்.

கோத்தகிரியை ஒட்டியே இருக்கும் இந்தச் சோலை 116 ஹெக்டேர்தான். 2024-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கீழே உள்ள பல ஊர்களுக்கு இங்கிருந்துதான் குடிதண்ணீர்.

மழைக்காலத்திலேயே போகலாமே என்று சிலர் கேட்டீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் எல்லா ஓடையும்தான் ஓடும். மண்சரிவு பயம் வேறு. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சோலையின் மட்கிய இலைமண்ணும் வேரும் எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கின்றன என்பது மாசி, பங்குனியில்தான் தெரியும்.

ஓடை குறுகி விழும் இடத்தில் 10 லிட்டர் வாளியைப் பிடித்து, அது நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். 20 விநாடி என்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர். சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் நிற்கிற சரிவின் ஓடையிலும், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஓடையிலும் அதே நாளில் அளப்பார்கள். அப்புறம் கல்லைப் புரட்டிப் பார்ப்பது. கல்லின் அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, பின்னால் இரண்டு வால் நீட்டிய குட்டிப் பூச்சி இருந்தால், தண்ணீர் குளிர்ந்து சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். சிவப்புப் புழு மட்டுமே நெளிந்தால் கழிவுநீர் கலக்கிறதோ என்று சந்தேகப்படலாம். புரட்டிய கல்லைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்த கல்.

தோட்டம் வைத்திருக்கும் சிலருக்கு, தேயிலையைக் குறை சொல்லப் போகிறோமோ என்று தயக்கம். நம்மில் பல வீடுகளில் பச்சைத் தேயிலைப் பணத்தில்தான் அடுப்பெரிகிறது, என் வீடு உட்பட. யாரையும் குறை சொல்ல அளக்கவில்லை. ஆனால் வருகிற எண்ணைப் பிள்ளைகள் அப்படியே எழுதுவார்கள்; யாருக்காகவும் மாற்றச் சொல்ல மாட்டேன். நீங்களும் வீட்டில் திருத்திக் கொடுக்காதீர்கள். (அறிவியல் கண்காட்சி சார்ட்டுகளில் யார் கையெழுத்து இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை.) இதற்குத் தனி மதிப்பெண் கிடையாது.

முழுக்கால் உடை, நீளமான சாக்ஸ், பழைய ஷூ போதும். பளிச்சென்ற நிறம் வேண்டாம். அட்டைப்பூச்சிக்கு உப்பு எங்களிடம் இருக்கும். தண்ணீர் ஸ்டீல் பாட்டிலில், சாப்பாடு டிபன் பாக்ஸில். காட்டுமாடு நடமாட்டம் இருந்தால் அன்று போக மாட்டோம். காலையிலேயே போனில் சொல்லிவிடுவோம்.

உங்களிடம் ஒரு உதவி வேண்டும். எந்த ஊற்று கோடையிலும் வற்றாமல் இருந்தது, எது எப்போது நின்றுபோனது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பிள்ளைகளை எழுதிவரச் சொல்லுங்கள். அதையும் வரைபடத்தில் குறிக்கப் போகிறோம்.

ஆஸ்துமா, ஒவ்வாமை எதுவும் இருந்தால் ஒப்புதல் சீட்டின் பின்பக்கம் எழுதி, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்