பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையவழி மனுக்கள் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் பேத்தி கைபேசியில் காட்டினாள். விரல் நுனியால் அரசாங்கத்தையே அசைத்துவிடலாம் என்ற தொனியில் எழுதியிருந்தார்கள். நாங்கள் விரலால் தட்டியும் பார்த்தோம், காலால் நடந்தும் பார்த்தோம். அதனால் எழுதுகிறேன்.

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் எங்கள் மொரிஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் அடித்துச் செல்லப்பட்டதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் இருப்பது தெற்கே, ரோஸ் பெல் பக்கம். எங்கள் தெரு வடிகாலை மண்ணும் கரும்புச் சருகும் அடைத்துக்கொள்ள, வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். முப்பது வருடமாகச் சேர்த்த என் பாடக் குறிப்பேடுகள் ஊறிக் கூழாகிவிட்டன.

அந்த வாரமே, வடிகாலைத் தூர்வாரக் கேட்டுப் பேத்தி ஓர் இணைய மனு போட்டாள். பத்து நாளில் 2,316 கையெழுத்து. வீட்டில் ஒரே கொண்டாட்டம். அச்செடுத்துச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். தாள்களைப் புரட்டினார். டொரண்டோ, கோயம்புத்தூர், பாரிஸ், கோலாலம்பூர். “மேடம், இதில் உங்கள் தெருக்காரர் எத்தனை பேர்?” எண்ணினோம். 19. அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. கோயம்புத்தூர்க்காரருக்கு எங்கள் வடிகால் எங்கே தெரியும்? போதாததற்கு, கையெழுத்திட்ட ஒவ்வொருவரிடமும் மனுவைப் பரப்ப என்று அந்தத் தளம் பணம் வேறு கேட்டிருக்கிறது. மண் அள்ளத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து யாராவது கொடுத்திருந்தால் எங்களை மன்னிக்கட்டும்.

பிறகு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். மூன்று மாலைப்பொழுது, 64 வீடு, எண்ண முடியாத அளவு டீ. என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது அவளே பாட்டி, தமிழில் கையெழுத்துப் போட்டாள். ‘ற’ வர வேண்டிய இடத்தில் ‘ர’. திருத்தக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். இந்த மனுவை அலுவலகத்தில் கொடுத்தபோது, பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக நகலில் முத்திரை குத்தித் தந்தார்கள்.

1871இல் இதே தீவில் 9,401 இந்தியத் தொழிலாளர்கள், அவர்கள் பக்கம் நின்ற ஐரோப்பியர் அடால்ஃப் த ப்ளேவிட்ஸ் எழுதிக் கொடுத்த மனுவில் பெயர் கொடுத்தார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்த காலம். படம் ஒட்டிய சீட்டு கையில் இல்லாவிட்டால் பிடித்து அடைப்பார்கள். அப்படிப்பட்ட நாளில் தோட்ட முதலாளிகளுக்கு எதிராகப் பெயர் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே அரச விசாரணைக் குழு அமைந்தது. எங்கள் 2,316க்கு அந்தக் கனம் எப்படி வரும்?

ஆனாலும் இணையத்தை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. முத்திரை குத்திய தாளுக்கும் இன்றுவரை பதில் இல்லையே. 2012இல், பிரிட்டன் மொரிஷியஸிலிருந்து பிரித்தெடுத்து ஆட்களை வெளியேற்றிய சாகோஸ் தீவுகளின் மக்களுக்காக வெள்ளை மாளிகையின் மனுத் தளத்தில் ஒரு மனு போட்டார்கள். முப்பது நாளில் 25,000 பேர் சேர்ந்தால் பதில் தருவோம் என்பது அப்போது அங்கே இருந்த விதி. சேர்ந்தார்கள். அந்த டிசம்பரில் பதிலும் வந்தது: அந்தத் தீவுகள் பிரிட்டனுடையவை என்பதே எங்கள் நிலை என்று. படித்து வயிறு எரிந்தது. ஆனால் எதிராளி என்ன நினைக்கிறான் என்பது எழுத்தில் கிடைத்தது. 2019இல் ஹேக் சர்வதேச நீதிமன்றம் நேர்மாறாகக் கருத்துச் சொன்னது வேறு கதை.

பிரிட்டன் நாடாளுமன்றத் தளத்தில் 10,000 கையெழுத்துக்கு அரசு பதில் சொல்கிறது. ஒரு லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்கு எடுக்கலாமா என்று பார்க்கிறார்கள். அந்நாட்டுக் குடிமக்களும் அங்கே வசிப்பவர்களும்தான் கையெழுத்திடலாம். எங்கள் ஜனத்தொகை சுமார் பன்னிரண்டரை லட்சம். அந்த விகிதத்தில் எங்களுக்கு 200 பேர் கேட்டால் பதில், 2,000 பேர் கேட்டால் விவாதம் என்று வைக்கலாம். அடையாள அட்டை எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளட்டும், வெளியே காட்ட வேண்டாம். தெரு வடிகாலுக்காக நாடாளுமன்றத்துக்கு ஓட வேண்டியதில்லைதான். ஊர் மன்றங்களுக்கு இன்னும் சின்னக் கணக்கும், பதில் தர முப்பது நாள் கெடுவும் போதும்.

முத்திரை குத்திய நகல் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அடுத்த மழைக்காலம் வருகிறது. கீழ்த்தட்டில் வைக்கத் தைரியம் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
ரோஸ் பெல், மொரிஷியஸ்