முடிச்சுப் போடக் கற்றுத் தந்தவர்களுக்கு

போன வாரம் பன்னிரண்டாவது படத்தையும் முடித்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டேன். ஒன்றரை வருட வேலை. எல்லாவற்றிலும் என் கையெழுத்து மட்டும் இருப்பது சரியில்லை என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது, அதனால்தான் இந்த மடல்.

பன்னிரண்டும் சிற்பி மிருணாளினி முகர்ஜியின் சிற்பங்களைப் பார்த்துப் பழகிச் செய்த மிக்ஸட் மீடியா படங்கள், அதாவது பல பொருட்களைக் கலந்து செய்தவை. 1949இல் மும்பையில் பிறந்து, பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் படித்தவர் அவர். சணல் கயிற்றுக்குச் சாயம் ஏற்றி, கையாலேயே முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு ஆள் உயரத்துக்குச் சிற்பம் எழுப்புவார், முன்கூட்டி வரைந்துகொள்ளவே மாட்டார். யட்சி, வனஸ்ரீ என்று பெயர் இருக்கும். பார்த்தால் தெய்வமா, பூவா, பெண்ணுடலா என்று பிரித்துச் சொல்ல வராது. எனக்கு அந்தப் பிரிக்க முடியாமைதான் வேண்டியிருந்தது.

முதல் நன்றி நியூயார்க்கில் இருக்கும் என் கல்லூரித் தோழிக்கு. 2019இல் அங்கே மெட் ப்ரூயர் அருங்காட்சியகத்தில் மிருணாளினியின் கண்காட்சி நடந்தபோது, நான் கேட்டேன் என்பதற்காக ஒவ்வொரு சிற்பத்தையும் சுற்றிச் சுற்றி வந்து பின்பக்கமும் பக்கவாட்டிலும் படம் எடுத்து அனுப்பினாய். புத்தகங்களில் முன்பக்கம்தானே கிடைக்கும்? கயிறு எங்கே மடிகிறது, எந்த இடத்தில் தளர்ந்து தொங்குகிறது என்பதெல்லாம் நீ அனுப்பிய படங்களில்தான் பார்த்தேன்.

அப்புறம் எங்கள் தெருவில் கயிற்றுக் கட்டில் பின்னும் தாத்தாவுக்கு. கரியிலும் மையிலும் நாலு படம் வரைந்து பார்த்தேன், எல்லாம் தட்டையாகவே நின்றன. கயிற்றையே தாளில் ஒட்டலாம் என்று போனால் முடிச்சு ஒன்றுகூட நிற்கவில்லை. நீங்கள் என் கையிலிருந்து கயிற்றை வாங்கி, தண்ணீரில் முக்கிப் பிழிந்து, ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, "முடிச்சு விரல்ல இல்ல கண்ணு, இழுப்புல இருக்கு" என்றீர்கள். ஈரத்தில் இழுத்துப் போட்ட முடிச்சு காய்ந்ததும் கல் மாதிரி இறுகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகவே தோன்றாமல் இருட்டும் வரை உங்கள் திண்ணையிலேயே உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தேன், நினைவிருக்கிறதா?

சாயப்பட்டறை அக்காவுக்கும் சொல்ல வேண்டும். இரண்டு கிலோ கயிற்றை நான் நேராகச் சாயத்தில் போட்டுக் கெடுத்திருந்தேன். வெளியே குங்குமச் சிவப்பு, முறுக்கைப் பிரித்தால் உள்ளே வெள்ளை. நாரில் இருக்கும் பிசின் போகாமல் சாயம் உள்ளே இறங்காது, முறுக்கைத் தளர்த்திச் சலவைச் சோடாவில் கொதிக்க வைத்து அலசிவிட்டு அப்புறம் போடு என்று நீங்கள் சொன்ன பிறகுதான், பழைய ரத்தம் மாதிரியான அந்தச் சிவப்பு, உள்நார் வரைக்கும் வந்தது. ஐந்தாம் படத்திலிருந்து எல்லாம் அந்த நிறம்தான்.

ஃபிரேம் கடை அண்ணன், கயிற்றின் கனம் தாங்காமல் என் தாள் இரண்டு முறை கிழிந்தபோது, பிளைவுட்டில் காடாத்துணியை இழுத்து அடித்து, அதில் துளை போட்டு, ஒட்டாதே, கோணி ஊசியால் தைத்துவிடு என்று வழி சொன்னார். கூலி வாங்கவில்லை. அம்மாவுக்குத் தனியாக என்ன சொல்ல? ஒன்றரை வருடம் கூடத்தில் சணல் தூசியோடு சமைத்துப் போட்டாள்.

2015இல் டெல்லியில் தன் பெரிய கண்காட்சி திறந்த சில நாட்களிலேயே மிருணாளினி போய்விட்டார். ஒரு தடவையாவது நேரில் பார்த்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

தாத்தா, ஏழாம் படம் உங்களுக்கு. கனம் அதிகம், இரண்டு ஆணி அடிக்க வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுத்தியலோடு வருகிறேன்.