மோனோஹைட்ரேட்டைக் கடைசியில் வைத்துவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உடல்நலப் பகுதியில், உடற்பயிற்சி செய்பவர்கள் வலிமைக்காக எடுக்கும் கிரியாட்டின் என்ற துணைப்பொருளின் வகைகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வகைகளையெல்லாம் அட்டவணையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் சிறப்பு என்று ஒரு வரி தந்திருந்தீர்கள். எத்தில் எஸ்டரும் திரவ கிரியாட்டினும் மேலே இருந்தன. வழக்கமான வகையான மோனோஹைட்ரேட் அடியில், ‘தொடக்க நிலையினருக்கு’ என்ற குறிப்போடு இருந்தது. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்று சொல்லவே எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் தன் இரத்தப் பரிசோதனை அறிக்கையை எங்கள் மேசைமேல் விரித்துவைத்து நின்றார். கிரியாட்டினின் 1.5 என்று இருந்தது. பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி. அந்த எண்மேல் விரலை வைத்து அழுத்தியபடியே, “என் சிறுநீரகம் போய்விட்டதா அக்கா?” என்று கேட்டார். அறிக்கைக்கு விளக்கம் சொல்வது என் வேலையல்ல. மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும் என்றேன். ஆனால் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். கிரியாட்டின் எத்தில் எஸ்டர். உங்கள் அட்டவணையில் ‘விரைவாக உறிஞ்சப்படுவது’ என்று பாராட்டுப் பெற்ற அதே வகை. மருத்துவர் அதை நிறுத்தச் சொல்லி, சிறுநீரில் புரதம் போகிறதா என்றும், சிறுநீரகத்தைக் கணிக்க உதவும் இன்னொரு இரத்த அளவான சிஸ்டாட்டின் சி என்ன என்றும் பார்க்கச் சொன்னார். இரண்டும் சரியாக இருந்தன. சில வாரங்களில் கிரியாட்டினினும் இறங்கிவிட்டது. அந்த வாரங்களில் அவர் தூங்கியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கிரியாட்டின், கிரியாட்டினின். எழுத்தில் ஒரு ‘னி’தான் கூடுதல், பொருளில் இரண்டுக்கும் வெகுதூரம். கிரியாட்டின் தசைக்குள் சேமிப்பாக இருப்பது. உடலில் உள்ளதில் ஏறத்தாழ 95 சதவீதம் எலும்போடு ஒட்டிய தசைகளில்தான் இருக்கிறது. பளுவைத் தூக்கும்போதோ முழு வேகத்தில் ஓடும்போதோ, முதல் சில நொடிகளில் செலவாகிப்போகும் ஆற்றலை உடனுக்குடன் ஈடுகட்டுவது அதன் பாஸ்பேட் வடிவம். கிரியாட்டினின் என்பது அது சிதைந்து உண்டாகும் கழிவு. தசைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. அதனால்தான் அதன் அளவை வைத்துச் சிறுநீரகத்தின் நலத்தைக் கணிக்கிறார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு எஸ்டரைப் பாருங்கள். கொழுப்பில் எளிதாகக் கரையும்படி மாற்றினால் செல்லுக்குள் சுலபமாக நுழையும் என்பதுதான் அதன் பின்னால் இருந்த எண்ணம். நடந்தது வேறு. உடலுக்குள் போனதும் அதில் பெரும்பகுதி கிரியாட்டினினாகவே மாறிவிடுகிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் எஸ்டர், மோனோஹைட்ரேட், வெறும் போலிப் பொடி என்று மூன்று குழுக்களாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எஸ்டர் எடுத்தவர்களின் இரத்தத்தில் கிரியாட்டினின்தான் ஏறியது. வலிமையிலோ தசையிலோ மோனோஹைட்ரேட்டைவிட ஒரு மேன்மையும் தெரியவில்லை. காசு கொடுத்துக் கழிவை வாங்கி விழுங்கியது போன்றது இது. மோனோஹைட்ரேட்டும் அந்த எண்ணைச் சற்று உயர்த்தக்கூடும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆகவே எந்த வகையை எடுத்தாலும், இரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். கட்டுரையில் இந்த ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

திரவ கிரியாட்டினை ‘கலக்கும் வேலை இல்லை’ என்று எழுதியிருந்தீர்கள். கலக்காமல் வைத்திருப்பதில்தான் கிரியாட்டினுடைய உயிர் இருக்கிறது. பொடியாக, ஈரம் படாமல் இருந்தால் அது ஆண்டுக்கணக்கில் கெடாது. நீரில் கரைந்த நிமிடத்திலிருந்து சிதையத் தொடங்குகிறது. புளிப்பு கூடக் கூட வேகமும் கூடும். பி.எச். 3.5 அளவுக்குப் புளிப்புள்ள கரைசலில், 25 டிகிரி வெப்பத்தில், மூன்றே நாளில் சுமார் 21 சதவீதம் கிரியாட்டினினாகிவிடுகிறது. அப்படியிருக்க, மாதக்கணக்கில் அலமாரியில் நின்ற புட்டியில் என்ன மிஞ்சியிருக்கும்? வீட்டில் கலக்குபவர்களும் குடிக்கும் நேரத்தில் கலக்கினால் போதும். வாரம் முழுவதற்கும் சேர்த்துக் கரைத்து வைக்க வேண்டாம்.

கிரியாட்டின் ஹைட்ரோகுளோரைடு என்ற வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். மோனோஹைட்ரேட்டைக் கலக்கியவர்களுக்குத் தெரியும்: 200 மி.லி. தண்ணீரில் 5 கிராம் போட்டு எவ்வளவு சுற்றினாலும் அடியில் மெல்லிய மணல்போல ஒரு படிவு நிற்கும். கடைசி மடக்கில் பல்லில் நறநறக்கும். அதைப் பார்த்ததும் ‘கரையவில்லையே, உடம்பில் எப்படிச் சேரும்?’ என்ற கேள்வி எழுகிறது. விளம்பரம் பிடித்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவது ஏறக்குறைய 14 கிராம். அப்படியானால் அந்தக் கோப்பையில் 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கரையும், மிச்சம் படியும். வெதுவெதுப்பான நீராக இருந்தால் முழுவதும் கரைந்துவிடும். கோப்பையில் கரையாத மணலும் வயிற்றுக்குள் போன பிறகு நீரோடு கலந்து உறிஞ்சப்பட்டுவிடுகிறது. விழுங்கிய மோனோஹைட்ரேட்டில் கிட்டத்தட்ட முழுவதும் குடலில் உறிஞ்சப்படுகிறது என்பது தெரிந்த உண்மை. முழுவதும் சேர்கிற ஒன்றைவிட இன்னொன்று எப்படி அதிகமாகச் சேரும்?

ஹைட்ரோகுளோரைடு நன்றாகக் கரையும் என்பது பொய்யல்ல. ஆனால் அதன் எடையில் கிரியாட்டின் சுமார் 78 சதவீதம். மோனோஹைட்ரேட்டிலோ சுமார் 88. சிட்ரேட் என்ற இன்னொரு வகையில் 67-ஐ ஒட்டித்தான் வரும். மேலும், ‘குறைந்த அளவே போதும்’ என்று சொல்லி 750 மில்லிகிராம் மாத்திரையாக விற்கிறார்கள். அதில் உள்ள கிரியாட்டின் 600 மில்லிகிராமைக்கூடத் தொடாது. நாள் ஒன்றுக்கு 3 கிராம் சேர வேண்டுமென்றால் ஐந்தாறு மாத்திரை விழுங்க வேண்டும். மோனோஹைட்ரேட் சிலருக்கு வயிற்றை உப்பவைக்கிறது, உண்மைதான். பெரும்பாலும் அது ஒரே வேளையில் அதிகம் எடுப்பதால் வருவது. பாதிப் பாதியாகப் பிரித்து, நிறையத் தண்ணீரோடு குடித்துப் பார்த்துவிட்டு, அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாறட்டும்.

காரத்தன்மை கூட்டிய ‘பஃபர்’ வகைக்கும் இதே கதைதான். 2012-இல் பயிற்சி பெற்ற 36 பேரிடம் 28 நாள் ஒப்பிட்டுப் பார்த்ததில், தசையில் சேர்ந்த அளவிலோ வலிமையிலோ பக்க விளைவிலோ அது எதையும் கூடுதலாகத் தரவில்லை. மைக்ரோனைஸ்டு என்று போட்டிருப்பது மோனோஹைட்ரேட்டேதான். இன்னும் நைசாக அரைத்தது, அவ்வளவே.

முதல் வாரம் நாளுக்கு 20 கிராம் எடுத்தே தீர வேண்டும் என்பது போலவும் கட்டுரை எழுதப்பட்டிருந்தது. ஆறு நாள் 20 கிராம் எடுத்தாலும், 28 நாள் வெறும் 3 கிராம் எடுத்தாலும் தசை ஏறக்குறைய ஒரே அளவுக்கு நிரம்புகிறது என்று 1996-லேயே காட்டிவிட்டார்கள். அவசரம் இல்லாதவர்கள் ஏன் வயிற்றைப் படுத்த வேண்டும்? சிறுநீரக நோய் உள்ளவர்கள், கருவுற்றவர்கள், தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வகையையும் தொடவே வேண்டாம்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வாரம் மூன்று நாள் எடை தூக்கிப் பயிற்சி செய்கிறேன். மூன்று ஆண்டுகளாக நாளுக்கு 3 கிராம் மோனோஹைட்ரேட் எடுத்து வருகிறேன். பயிற்சி இல்லாமல் பொடியை மட்டும் குடித்து வலிமை வரும் என்று யாரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் எடுப்பதென்று முடிவு செய்தவர், டப்பாவைத் திருப்பி, கிரியாட்டின் மோனோஹைட்ரேட் என்ற ஒரே பொருள் இருக்கிறதா, கலப்படம் இல்லை என்று விற்பவரல்லாத வேறொரு ஆய்வகம் சோதித்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

உங்கள் இதழைப் படித்துவிட்டு அந்த இளைஞரைப்போல இன்னும் பலர் கடைக்குப் போயிருப்பார்கள். அடுத்த இதழில் அந்த அட்டவணையைத் திருத்தி வெளியிடுங்கள். ‘சிறப்பு’ என்ற பத்தியை எடுத்துவிட்டு, ஒரு வேளை அளவில் எத்தனை கிராம் கிரியாட்டின் இருக்கிறது என்ற எண்ணை அங்கே போடுங்கள்.

இப்படிக்கு,
பரிசோதனைக் கூட ஊழியர் ஒருவர்