ஷோகேஸிலிருந்து அதை இறக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய போட்டோ பார்த்தேன். குஜராத்தில் வெள்ளை ரண் உப்புப் பாலைவனம் பார்க்கப் போனபோது, பக்கத்துக் காவ்டா ஊரில் நாம் வாங்கிய மண்சட்டி, கண்ணாடி அலமாரிக்குள் தலைக்கு மேல் குட்டி லைட்டோடு உட்கார்ந்திருக்கிறது. சாமி படத்துக்குக்கூட நீ அப்படி லைட் போட்டதில்லை. அழகாகத்தான் இருக்கிறது, சரி. ஆனால் நான் அதைத் தயிர் உறை ஊற்றத்தான் வாங்கிக் கொடுத்தேன்.

கட்ச் பக்கம் சக்கரத்தில் வனைவது ஆண்கள், வண்ணம் தீட்டுவது பெண்கள். அந்த அம்மா மூங்கில் குச்சியால் சட்டியைத் திருப்பித் திருப்பிக் கறுப்பிலும் வெள்ளையிலும் கோடும் புள்ளியும் இழுத்தது நினைவிருக்கிறதா? அந்த நிறங்கள் எல்லாமே மண். சூளையில் சட்டியோடு சேர்ந்து வெந்தவை. கழுவினால் போய்விடுமோ என்று பயப்படாதே. சுட்ட பிறகு பெயிண்ட் அடித்து விற்கிறார்களே, அவைதான் உரியும். பளபளவென்று கண்ணாடி மாதிரிப் பூச்சு இருந்தால் இன்னும் கவனம். சில பூச்சுகளில் ஈயம் இருக்கும், புளிக்குழம்பு ஊற்றினால் அதில் இறங்கும். என்ன பூச்சு என்று விற்பவருக்கே தெரியவில்லையா, பூ வைக்க மட்டும் வாங்கு.

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல்தான் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ச் சரக்கு என்கிற அரசு முத்திரை, கொடுத்தார்கள். உன் பாட்டிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. விரல் மடக்கித் தட்டுவாள். கணீர் என்றால் காசு கொடுப்பாள், டொப் என்றால் எங்கேயோ விரிசல், அடுத்த பானைக்கு நகர்ந்துவிடுவாள்.

நான் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை. கல்யாணமான புதிதில் சட்டியைப் பழக்காமல் மீன்குழம்பு வைத்து, அடுப்பெல்லாம் கசிந்து, அன்று எல்லாரும் ரசம் சோறுதான் சாப்பிட்டோம். நீ அப்படிச் செய்யாதே. ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடு. அப்புறம் கஞ்சித்தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் கொதிக்க விடு. மண்ணின் துளைகளைக் கஞ்சி அடைத்துக்கொள்ளும். இது சமைக்கிற சட்டிக்கு மட்டும். தண்ணீர்ப் பானைக்கும் தயிர்ச் சட்டிக்கும் அந்தத் துளைகள் வேண்டும். வெளியே கசிந்து ஆவியாவதால்தான் தண்ணீர் குளிர்கிறது, தயிரும் கத்தியால் வெட்டுகிற மாதிரி உறைகிறது. சோப்பு போடவே போடாதே, மண் அதைக் குடித்துவிட்டு அடுத்த குழம்பில் கக்கும். தேங்காய் நார் போதும். கழுவிவிட்டு வெயிலில் காயவை.

உடைந்தால் உடையட்டும். நானே ஏழெட்டு உடைத்திருக்கிறேன்.

அது கிடக்கட்டும், போட்டோவில் இடது ஓரத்தில் இருக்கும் சின்ன ஊறுகாய்க் கிண்ணம் என்னுடையது. இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், உன் அப்பாவைச் சந்தேகப்பட்டுச் சண்டைகூடப் போட்டாயிற்று. தீபாவளிக்கு வரும்போது துணியில் சுற்றிக் கொண்டு வா.

அம்மா