தகுதி வரட்டும் என்று காத்திருக்கும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "எனக்கு இன்னும் தகுதி வரலப்பா, முதல்ல என்னைச் சரி பண்ணிக்கிறேன், அப்புறம் ஞானஸ்நானம் எடுத்துக்கிறேன்" என்றாய். பெங்களூர் சபையில் உன்னோடு இருக்கிற பிள்ளைகள் எடுத்துவிட்டார்கள், நீ எடுக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தமே கிடையாது. நீ காத்திருக்கிற காரணம்தான் தப்பு.

மத்தேயு 3-ஆம் அதிகாரத்தை இன்னொரு தரம் படி. யோர்தான் நதிக்கு வந்த ஜனங்கள் பாவத்தை அறிக்கையிட்டு முழுகுகிறார்கள், அந்தக் கூட்டத்துக்குள் பாவமே அறியாத இயேசுவும் கலிலேயாவிலிருந்து வந்து நிற்கிறார். அங்கே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்த யோவான் பதறிப்போய்த் தடுக்கிறார். 'இப்பொழுது இடங்கொடு, இப்படி எல்லா நீதியையும் நிறைவேற்றுவது நமக்கு ஏற்றதாயிருக்கிறது' என்கிறார் இயேசு. நீதி என்றதும் நமக்குக் கோர்ட்டும் தீர்ப்பும்தான் ஞாபகம் வரும். ஆனால் இங்கே நீதி, பிதாவின் சித்தத்துக்குத் தலைகொடுத்து, பாவிகள் இறங்கிய அதே தண்ணீரில் தானும் இறங்குவது. தகுதியுள்ள அந்த ஒருவரே தகுதியில்லாத நம்மோடு வந்து நின்றுவிட்டார் பாப்பா, இதற்கு மேல் நீ என்ன தகுதியைத் தேடுகிறாய்?

ஆபிரகாமும் தகுதி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. விருத்தசேதனம் என்ற உடல் அடையாளம் அதற்குப் பிறகுதான் என்று பவுல் ரோமர் 4-ல் அழுத்திச் சொல்கிறார்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1996-ல் தேவனாம்பட்டினம் கடலில் நான் ஞானஸ்நானம் எடுத்த அன்று, திருப்பாதிரிப்புலியூரில் நம் மளிகைக் கடைத் தராசில் ஒரு அரைக்கிலோ கல் இருந்தது. அடியில் இருக்கிற ஈயத்தைச் சுரண்டி எடை குறைத்த கல். சுரண்டியது நான்தான். கடலில் பாஸ்டர் என் மூக்கைக் கைக்குட்டையால் பொத்தி முதுகைத் தாங்கிச் சாய்த்தார், அலை அடித்து வாயெல்லாம் உப்பு, எழுந்து கரையேறும்போதுகூட அந்தக் கல் என் நினைவில் வரவில்லை. மறுநாள் காலையில் ஒரு ஆயா அரைக்கிலோ துவரம்பருப்பு கேட்டார்கள். கல்லைக் கையில் எடுத்தேன், தட்டில் வைக்க முடியவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது. இருநூறு கிராம் கல் இரண்டும் நூறு கிராம் கல் ஒன்றும் வைத்து நிறுத்துக் கொடுத்தேன்.

லூக்கா 3-ல் ஞானஸ்நானம் பெற வந்த ஆயக்காரர்கள், அதாவது வரி வசூலிக்கிறவர்கள், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே என்கிறார் யோவான். அவர்களும் கணக்கை நேர் செய்துவிட்டு வரவில்லை, கையில் அந்தக் கணக்கோடுதான் வந்தார்கள். தண்ணீர் உடம்பின் அழுக்கை எடுக்க அல்ல, அது நல்மனச்சாட்சியின் உடன்படிக்கை என்று பேதுரு எழுதுகிறார். உடன்படிக்கை என்றால் அன்றைக்குத்தான் ஆரம்பம், அன்றோடு முடிவதில்லை. அதற்கப்புறமும் நான் கோபப்பட்டேன், பொய் சொன்னேன், அம்மாவுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அந்த உடன்படிக்கைக்குத்தான் திரும்பி வந்தேன்.

அவசரப்படுத்தவில்லை. பயமாக இருந்தால் பயத்தோடே வா. அந்தக் கல் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது, வரும்போது கையில் எடுத்துப் பார். அம்மா உனக்கு வெள்ளைச் சுடிதார் தைக்க அளவு கேட்கிறாள்.

அப்பா