பினாங்கு விமான நிலையக் கூடத்தை வடிவமைப்பவர்களுக்கு: வழியனுப்ப வருகிறவர்களுக்கும் இடம் வேண்டும்

பினாங்கு அனைத்துலக விமான நிலைய விரிவாக்கப் பணியில் இருக்கும் கட்டடக் கலைஞர்கள், பொறியாளர்கள், நிருவாகிகள் அனைவருக்கும் வணக்கம்.

பாயான் லெப்பாஸில் உள்ள இந்த விமான நிலையத்தின் முனையம் ஆண்டுக்கு 6.5 மில்லியன் பயணிகளுக்கானது. 2019-லேயே எண்ணிக்கை 8 மில்லியனைத் தாண்டிவிட்டது. இப்போது 12 மில்லியனுக்கு விரிவாக்குகிறீர்கள், மனமார வரவேற்கிறோம். ஆனால் ஆண்டுக் கணக்கை வைத்துக் கூடத்தின் அளவை முடிவு செய்ய முடியாது. கூடம் திணறுவது உச்ச நேரத்தில்தான். அந்த நேரத்தில் அங்கே நிற்பவர்களில் பலரிடம் டிக்கெட்டே இருக்காது.

2024 டிசம்பரிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் பறக்கிறது. ஊருக்குப் போகும் பாட்டியை வழியனுப்ப வீடே கிளம்பி வரும். 180 இருக்கைகள் கொண்ட ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பயணிகளுக்கு மூன்று பேர் வழியனுப்ப வந்தால் 270 பேர். அவர்களில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் கூடத்தில் இருந்தாலும் 135 பேர். அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டாவின் வழிகாட்டி, பொதுக் கூடத்தில் ஆளுக்கு 2.0 முதல் 2.3 சதுர மீட்டர் என்கிறது. அப்படியானால் வழியனுப்ப வந்தவர்களுக்கு மட்டும் ஏறக்குறைய 300 சதுர மீட்டர் வேண்டும். பயணிகளின் வரிசைக்கான இடம் இதில் சேராது. அதற்கு ஆளுக்கு 1.3 முதல் 1.8 சதுர மீட்டர் தனி. இது ஒரே ஒரு விமானத்துக்கான கணக்கு.

இடத்தின் அளவைவிட அது எங்கே அமைகிறது என்பது முக்கியம். வழியனுப்ப வந்தவர்கள் கடைப் பக்கம் போய்விடுவதில்லை. பாதுகாப்புச் சோதனையின் வாசலில், பாட்டியின் சேலை கண்ணிலிருந்து மறையும் வரை நிற்பார்கள். வாசலைப் பொது நடைபாதையை ஒட்டி வைத்தால் அந்தக் கூட்டம் வழியை அடைத்துவிடும். கயிறு கட்டியும் காவலர் வைத்தும் இதைத் தீர்க்க முடியாது. வாசலைப் பத்து மீட்டர் உள்ளே தள்ளுங்கள். பக்கச் சுவரைக் கண்ணாடியாக்குங்கள். அதன் ஓரமாக நின்று கையசைக்க ஓர் ஒதுக்குப்புறம் விடுங்கள். உள்ளே போகிறவரை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க முடிந்தால், யாரும் வாசலில் முண்டியடிக்க மாட்டார்கள்.

அடுத்தது பெட்டி. ஒரு பயணிக்கு இரண்டு நிமிடம் என்றால் பெட்டியை எடை போட்டு ஒப்படைக்கும் நான்கு முகப்புகள் மணிக்கு 120 பேரை அனுப்பும். பெட்டியின் எடை கூடிப்போன ஒருவர் முகப்பின் முன்னாலேயே பெட்டியைப் பிரித்து, மைலோ பொட்டலங்களைக் கைப்பைக்கு மாற்ற ஆறு நிமிடம் எடுத்தால், பின்னால் மூன்று பயணிகளின் நேரம் போய்விடும். வரிசைக்குள் நுழைவதற்கு முன்பே மூன்று நான்கு எடைக்கருவிகளை வையுங்கள். அவற்றின் பக்கத்தில் 45 செ.மீ. உயரத்தில் அகலமான திண்ணை வேண்டும். இடுப்புயர மேசை கூடாது. 25 கிலோ பெட்டியை அதன் மேல் தூக்கி வைக்க வயதானவர்களால் முடியாது. தரையும் கூடாது, பிரித்த பெட்டியைச் சுற்றி எல்லாரும் குந்தினால் தள்ளுவண்டிகள் போக வழி இருக்காது. இந்த எடைக்கருவிகளையும் முகப்பில் உள்ளவற்றையும் சேர்த்தே சரிபார்க்க வேண்டும். அரை கிலோ வித்தியாசம் காட்டினாலும் முகப்பில் வாக்குவாதம்தான்.

பாதுகாப்புச் சோதனையிலும் இதே கதை. கருவி ஒழுங்காக ஓடும். ஆனால் வெளியே வந்த தட்டுகளின் அருகிலேயே நின்று மக்கள் பெல்ட் மாட்டுவார்கள், காலணி போடுவார்கள். தட்டுகள் தேங்கும், பட்டை நிற்கும், பின்னால் வரிசை நீளும். உருளைப் பாதை முடிகிற இடத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி நீண்ட பெஞ்சுகள் போட்டால், பொருட்களை வாரிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். புதிய கருவி வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

கழிவறைக்கு வருவோம். கதவு உள்பக்கமாகத் திறக்கும் சிறிய அறைக்குள் கைப்பெட்டியோடு நுழைந்தவர் கதவைச் சாத்த முடியாது. கதவு வெளியே திறக்கட்டும். இல்லையென்றால் அறையின் நீளம் 180 செ.மீ. இருக்கட்டும். நம் ஊரில் தண்ணீர்க் குழாய் இருப்பதால் தரை எப்போதும் ஈரம். அதனால் பெட்டியை வைக்கத் தரைக்கு மேலே ஒரு மேடையும், பையை மாட்ட உறுதியான கொக்கியும் கட்டாயம் வேண்டும். சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள இடம் வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். குப்பைத் தொட்டியை அந்த வட்டத்துக்குள் வைக்காமல் பார்த்துக்கொள்வது பராமரிப்புக் குழுவின் பொறுப்பு. அதை அவர்களின் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒலியமைப்பு கடைசி நேரத்தில் நினைவுக்கு வரும் விஷயமாக இருக்கக்கூடாது. உயர்ந்த கூரை, கண்ணாடிச் சுவர், கருங்கல் தரை மூன்றும் சேர்ந்தால் அறிவிப்பு எதிரொலியில் கரைந்துவிடும். ஒலியைக் கூட்டக் கூட்ட இரைச்சல்தான் கூடும். கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகளைப் பதியுங்கள். ஒலிபெருக்கிகளைத் தூண்களில், மக்கள் இருக்கும் உயரத்துக்கு அருகே வையுங்கள். விமானம் ஏறும் ஒரு வாயிலுக்கான அறிவிப்பு அந்த வாயிலில் மட்டும் கேட்டால் போதும். அறிவிப்பின் சொற்கள் எவ்வளவு தெளிவாகக் கேட்கின்றன என்பதை 0 முதல் 1 வரை அளக்கும் பேச்சுத் தெளிவுக் குறியீடு குறைந்தது 0.5 இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்து, கட்டி முடித்த பின் அளந்து பாருங்கள். சென்னை விமானத்துக்கான அறிவிப்பு மலாய், ஆங்கிலத்தோடு தமிழிலும் வர வேண்டும். தனியாகப் பயணம் செய்யும் முதியவர்களில் பலருக்கு வாயில் மாறிவிட்டது என்பதைச் சொல்ல வேறு வழியில்லை.

நீண்ட நடைபாதைகளில் ஐம்பது மீட்டருக்கு ஓர் இருக்கை போடுங்கள். கை ஊன்றி எழுந்திருக்கப் பிடி இருக்கட்டும். பயணிகள் காரிலிருந்து இறங்கும் இடத்தில் கூரையின் உயரம் எவ்வளவோ, அவ்வளவாவது அது வெளியே நீண்டிருக்கட்டும். பினாங்கு மழை சாய்ந்துதான் அடிக்கும்.

திறப்பதற்கு முன் ஒத்திகை நடக்கும். 2008 மார்ச்சில் லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையம் திறந்தபோது, புதிய கட்டடத்துக்குப் பணியாளர்கள் போதுமான அளவு பழகியிருக்கவில்லை. ஆயிரக்கணக்கான பெட்டிகள் தேங்கின, விமானங்கள் ரத்தாயின. பினாங்கில் ஒத்திகைக்குச் சுறுசுறுப்பான இளைஞர்களை மட்டும் அழைக்காதீர்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களையும், கைக்குழந்தையோடு வருபவர்களையும், நான்கு பெட்டிகளும் எட்டு உறவினர்களுமாக வரும் குடும்பங்களையும் அழையுங்கள். எடைக்கருவி, சோதனை வாசல், கழிவறை, வாயில் ஆகிய நான்கு இடங்களிலும் நேரம் குறிக்க ஆள் நிறுத்துங்கள். சுவர்களை மாற்றக் காலம் இருக்கும்போதே, திறப்பு நாளுக்குப் பல மாதங்கள் முன்னதாக அந்த ஒத்திகையை நடத்துங்கள்.

அன்புடன்,
பினாங்கில் கட்டட வடிவமைப்பிலும் பயணிகள் சேவையிலும் பணிபுரியும் தமிழர்கள்