நீலகிரிச் சதுப்புகளில் பொக்லைன் இறக்கும் முன்

மதிப்பிற்குரிய நீலகிரி மாவட்ட நிர்வாகத்தினருக்கும் வனத்துறையினருக்கும்,

வணக்கம். மலைச் சதுப்புகளைத் தூர்வார, வடிகால் வெட்ட, சீகை (வாட்டில்) மரங்களை வேரோடு பிடுங்க ஒப்புதல் தரும் முன், ஆழச் சோதனை ஒன்றைக் கட்டாயமாக்குங்கள்.

அங்குள்ள கருஞ்சேற்றைக் குளத்து வண்டலாக எண்ணிவிடக் கூடாது. நீர் தேங்கிக் காற்றுப் புகாததால் முழுதும் மக்காமல் படிந்த தாவரங்கள் அவை, பீட் என்போம். ஊட்டி அருகே சாண்டிநல்லா பீட்டைக் கொண்டு ஆய்வாளர்கள் ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்டோர் சுமார் 20,000 ஆண்டுக் காலநிலையைக் கணித்து 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். சோலை மரங்களின் கார்பன் ஐசோடோப்பு அளவு (கார்பன்-13, கார்பன்-12 விகிதம் ஒரு தரநிலையிலிருந்து விலகும் அளவு) −27 பெர்மில் (ஆயிரத்தில் பங்கு) அருகே இருக்கும். வறட்சி தாங்கும் வெப்பமண்டலப் புற்களில் −13 அருகே. எந்த அடுக்கில் எது மிகுதி என்பதைப் பார்த்தே ஈரக்காலமும் வறண்ட காலமும் பிரிகின்றன. (கரியமில வாயு குறைந்தாலும் இப்புற்களுக்கே சாதகம். பனியுக அடுக்குகளுக்கு மழை ஒன்றையே காரணம் காட்டுவது அவசரம்.)

வடிகால் வெட்டினால் நீர்மட்டம் இறங்கும், காற்றுப் புகும், நுண்ணுயிர்கள் மேலடுக்குகளைத் தின்று தீர்க்கும். பிறகு தண்ணீர் விட்டாலும் போன அடுக்கு திரும்பாது. இயந்திரம் கிளறுவது இன்னும் மோசம். 40,000 ஆண்டுப் பழைய மாதிரியில் இன்றைய கார்பன் வெறும் 1 விழுக்காடு கலந்தாலே, ரேடியோ கார்பன் வயது (கதிரியக்கக் கார்பன் சிதைந்த அளவைக் கொண்டு கணிக்கும் வயது) 33,000க்கு இறங்கிவிடும். கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) வேர் ஆழ இறங்கினாலும் இதே கோளாறுதான்.

சோதனைக்குப் பெரிய செலவில்லை. ஒரு மீட்டர் இரும்புக் கம்பிகளை மரையிட்டு இணைத்து, 10 மீட்டருக்கு ஒன்றாகக் கையால் அழுத்தினால் போதும். மணல் நறநறக்கும், பீட்டில் கம்பி ஓசையின்றி இறங்கும். அரை மீட்டருக்கு மேல் அப்படி இறங்கினால் அங்கே பொக்லைன் வேண்டாம். சீகையைக் கைவாளால் அறுத்து, வேரை மண்ணிலேயே விடலாம். துளிர்த்தால் மறுபடி வெட்ட ஆள் வேண்டும், அதற்கும் நிதி ஒதுக்குங்கள்.

ஆய்வாளர்களுக்கும் கட்டுப்பாடு தேவை. பீட்டைத் துண்டுகளாக எடுக்க உதவும் ரஷ்யத் துளைக்கருவியின் முனை, எடுக்கும் துண்டுக்குக் கீழுள்ள சில சென்டிமீட்டரைக் கலக்கிவிடும். ஆகவே அருகருகே இரு துளையிட்டு, துண்டுகளின் ஆழம் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு மாற்றி மாற்றி எடுக்கச் சொல்லுங்கள். காய்ந்தால் பீட் சுருங்கி ஆழக்கணக்கு பிசகும்; அதனால் நெகிழித்தாளில் சுற்றி, மேல்முனையைக் குறித்து, 4 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும். நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியைத் தொடாமல் சேமிக்க ஒப்புக்கொள்பவருக்கே அனுமதி கொடுங்கள்.

இப்படிக்கு,
தொல்காலநிலை ஆய்வாளர்கள் சிலர்